மூன்று பேட்டரி, இரண்டு அடாப்டர், ஒரு நீல வயர்

பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிற டீச்சர். துணிக்கடை மஞ்சள் பையிலிருந்து லாப்டாப்பை எடுத்து என் மேஜையில் வைத்தார். கூடவே அடாப்டர், பேட்டரி வாங்கிய பில், முந்தைய கடையில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. சீட்டில் மூன்றே விஷயம்: போர்டு ஃபால்ட், சார்ஜிங் ஐசி, 6,500. அதாவது மதர்போர்டில் கோளாறு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சிப்பை மாற்ற வேண்டும், 6,500 ரூபாய் ஆகும்.

"புது பேட்டரி போட்டும் ஏறவே மாட்டேங்கு தம்பி. ரெண்டு தடவை மாத்தியாச்சு. கரண்டு போனா பொசுக்குன்னு அணைஞ்சிருது. எமிஸ் வெப்சைட்ல பாதி மார்க்கு ஏத்தியிருப்பேன், அத்தனையும் போயிரும்."

பேட்டரி மாற்றிய பிறகு சார்ஜ் ஏறவில்லை என்று வாரத்துக்கு இரண்டு மிஷினாவது வரும். பாதிக்கு மேல் அரை மணி நேர வேலைதான். இது இரண்டு நாள் தின்றது. முதல் நாளில் பெரும்பகுதி நானே தப்பான பாதையில் போனேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மிஷின் 5 வருடம் பழசு. 14 இன்ச் திரை. பேட்டரி உள்ளே, அடிமூடியைக் கழற்றினால்தான் கைக்கு வரும். அடாப்டர் 19.5 வோல்ட், 65 வாட், உருண்டை முனை, முனைக்கு நடுவில் ஊசி மாதிரி ஒரு பின். டைப்-சி வழியாக இதற்கு சார்ஜ் ஏறாது. கம்பெனி பெயர் வேண்டாம். நடுப்பின் அடாப்டர் தருகிற கம்பெனிகள் ஒன்றுக்கு மேல் உண்டு.

டீச்சர் சொன்ன வரிசை இது. ஜூன் மாதம் ஒருநாள் சார்ஜ் ஏறாமல் நின்றது. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போனார். அங்கிருந்த பையன் பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, "ஜீரோ காட்டுது மேடம், செத்துட்டு" என்றான். கம்பாட்டிபிள் பேட்டரி (வேறு கம்பெனி செய்தது, இந்த மிஷினுக்குப் பொருந்துவது) ஒன்று 2,200 ரூபாய்க்குப் போட்டார்கள். அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. மறுநாள் காலையில் பூஜ்யம். ஒரு வாரம் கழித்து வாரண்டியில் வேறு பேட்டரி மாற்றிக் கொடுத்தார்கள். "உங்க அடாப்டரும் வீக்கா இருக்கு" என்று 900 ரூபாய்க்கு ஓர் அடாப்டரும் கொடுத்தார்கள். அதே கதை: முதல் நாள் ஓடியது, மறுநாள் இல்லை. மூன்றாவது முறை போனபோது கிடைத்ததுதான் அந்தத் துண்டுச் சீட்டு.

முதல் நாள் மட்டும் ஓடியது என்பதைக் கேட்டு நான் குழம்பவில்லை. லித்தியம் அயான் பேட்டரியைத் தனியாக விமானத்தில் அனுப்பினால் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று 2016 ஏப்ரலிலிருந்து சர்வதேச விதி இருக்கிறது. புது பேட்டரி பெரும்பாலும் அந்த அளவு சார்ஜோடுதான் பெட்டியிலிருந்து வரும். இந்த பேட்டரியின் கொள்ளளவு 42 வாட்-அவர், அதில் 30 சதவீதம் என்றால் 12 வாட்-அவர் சொச்சம். வேர்ட், பிரவுசர் என்று மேய்ந்தால் ஒரு மணி நேரம் தாங்கும். அதாவது அந்த முதல் நாள் ஓட்டம், தொழிற்சாலையில் ஏற்றி அனுப்பிய சார்ஜ். டீச்சர் வீட்டில் அந்த இரண்டு பேட்டரிக்கும் ஒரு சொட்டுகூட ஏறியதே இல்லை. இதுவரை சரியாகத்தான் யோசித்தேன்.

ஆன் செய்தேன். விண்டோஸ் மூலையில் 0 சதவீதம், "ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்".

சும்மா பார்க்க வேண்டியதைச் சீக்கிரம் பார்த்து முடித்தேன். பேட்டரி ஆயுளைக் காக்க 60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் செட்டிங் பல கம்பெனி மிஷின்களில் இருக்கும். 60-ல் நின்றுகொண்டு இதே வாசகத்தைக் காட்டினால் அதுதான் காரணம், பேட்டரிமேல் குற்றமில்லை. இங்கே 0, அதனால் அது இல்லை. டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து திரும்ப ஆன் செய்யச் சொல்லும் வைத்தியம் ஊரெல்லாம் பிரபலம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சார்ஜ் ஏற்றுவது விண்டோஸ் வேலையே கிடையாது. போர்டில் இருக்கும் எம்பெடட் கண்ட்ரோலர் என்கிற சின்ன சிப் பார்க்கும் வேலை அது. மிஷினை அணைத்துவிட்டு அடாப்டரை மட்டும் ஒரு மணி நேரம் போட்டு வைத்தாலே, குற்றம் விண்டோஸிலா கீழேயா என்று தெரிந்துவிடும். போட்டு வைத்தேன். 0 அப்படியே இருந்தது. பேட்டரி, அடாப்டர் இரண்டையும் கழற்றி பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்து கண்ட்ரோலரை ரீசெட் செய்தேன். பலனில்லை.

பேட்டரி கனெக்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின் எதுவும் மடங்கவில்லை, சுத்தமாக இருந்தது. என் பெஞ்சில் எப்போதும் கிடக்கும் 65 வாட் லோக்கல் அடாப்டரைச் செருகினேன். அதே நிலை. ஆக அடாப்டர் இல்லை என்று முடிவு கட்டினேன். இங்கேதான் சறுக்கினேன். அப்போது எனக்குத் தெரியவில்லை.

லாப்டாப் பேட்டரி டார்ச் லைட் பேட்டரி மாதிரி ஊமை கிடையாது. உள்ளே செல்களோடு ஒரு சின்ன போர்டும், கணக்குப் பார்க்கிற சிப்பும் இருக்கின்றன. எவ்வளவு மிச்சம், எத்தனை வோல்ட் வேண்டும், எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அந்த சிப் இரண்டு வயர் வழியாக மிஷினுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 1990களின் நடுவில் இன்டெலும் டியூராசெலும் சேர்ந்து வகுத்த முறை, இன்றைக்கும் அடிப்படை அதுதான். பேட்டரி கேட்கிறது, கண்ட்ரோலர் அதைப் படித்து சார்ஜிங் ஐசிக்கு உத்தரவு போடுகிறது. பல சார்ஜிங் ஐசிகளில் மூன்று நிமிடத்துக்குள் மறு உத்தரவு வராவிட்டால் தானாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. பேட்டரி, போர்டு, அடாப்டர் மூன்றும் ஒப்புக்கொண்டால்தான் ஏறும். நான் முதல் இரண்டை மட்டும் நினைவில் வைத்திருந்தேன்.

கம்பாட்டிபிள் பேட்டரி என்பதால் மிஷின் அதை ஏற்கவில்லையோ என்று முதலில் சந்தேகம். ஆனால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரையில், பேட்டரி பக்கம் அதன் பெயர், கொள்ளளவு எல்லாம் காட்டியது. பேச்சுவார்த்தை நடக்கிறது. அடுத்து போர்டு. அடாப்டரிலிருந்து வரும் 19.4 வோல்ட் ஜாக்கை (அடாப்டர் முனையைச் செருகும் துளை) தாண்டி, முதல் மாஸ்ஃபெட்டை (போர்டில் கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) தாண்டி, சார்ஜிங் ஐசி பக்கத்து ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் நின்றது. வழி திறந்திருக்கிறது, ஐசி வேலை செய்யவில்லை. சீட்டில் எழுதியது உண்மைதான் போல என்று நினைத்தேன். ஐசியைக் கழற்ற ஹாட் ஏர் கன்னை ஆன் செய்து சூடேற விட்டேன். மாற்று ஐசியை டப்பாவிலிருந்து எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாயிற்று.

அப்போது டீச்சரிடமிருந்து போன்.

"தம்பி, அப்படியே அந்த ஸ்லோவையும் பாத்துருங்க. ஒரு எக்ஸல் ஷீட்டு தொறக்கறதுக்குள்ள காப்பி போட்டுக் குடிச்சிரலாம்."

"எப்பலேருந்து டீச்சர் ஸ்லோ? பேட்டரி மாத்துனதுலேருந்தா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்லையே. அதுக்கும் ஒரு வாரம் முன்னாடியே. சார்ஜ் ஏறாமப் போச்சுல்லா, அன்னிலேருந்து."

ஹாட் ஏர் கன்னை அணைத்தேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். புது பேட்டரி போட்டும் ஏறவில்லை என்ற வாக்கியத்தைக் காதில் வாங்கியதுமே, பேட்டரி மாற்றியதில் ஏதோ கோளாறு என்று மனசு எழுதிக்கொண்டது. பழைய பேட்டரிக்கும் இதே மாதிரிதான் ஏறாமல் இருந்தது, அதனால்தான் மாற்றவே போனார் என்பது டீச்சர் முதலில் சொன்ன வரிசையிலேயே இருந்தது. கேட்டும் கேட்காத மாதிரி தாண்டிவிட்டேன். மூன்று வெவ்வேறு பேட்டரிக்கும் ஒரே நோய் என்றால் நோய் பேட்டரியில் இல்லை. சார்ஜ் நின்ற அதே நாளில் மிஷினும் மந்தமாகியிருக்கிறது. சார்ஜிங் ஐசி செத்தால் சார்ஜ் நிற்கும், ப்ராசஸர் ஏன் நொண்ட வேண்டும்?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஒரு பெரிய ஜிப் ஃபைலை விரிக்கச் சொல்லிவிட்டு ப்ராசஸர் வேகத்தைப் பார்த்தேன். 0.79 கிகாஹெர்ட்ஸ். சும்மா இருக்கையில் அப்படிக் காட்டினால் பரவாயில்லை. மிஷின் 100 சதவீத வேலையில் முக்கிக்கொண்டிருக்கும்போதும் 0.79-ஐ விட்டு அசையவில்லை. யாரோ வேண்டுமென்றே கட்டிப் போட்ட வேகம் அது.

திரும்ப பயாஸுக்குப் போனேன். முதல் தடவை பேட்டரி விவரத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்திருந்தேன். அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருந்தது: அடாப்டர் வகை, தெரியவில்லை. அடாப்டர் எச்சரிக்கை காட்ட வேண்டுமா என்ற பெட்டியில் டிக் எடுக்கப்பட்டிருந்தது. பூட் ஆகும்போது வருகிற செய்தி தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ அணைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் விஷயத்தைச் சொல்லிவந்த மிஷினின் வாயை அடைத்துவிட்டார்கள்.

நடுப்பின் எதற்கு இருக்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அடாப்டரின் வெளி உருளையிலும் உள் உருளையிலும் வருவது கரண்டு. நடுவில் உள்ள ஊசியில் கரண்டு வராது, அடையாளம் வரும். சில கம்பெனிகள் அதற்கு ஒரு ரெசிஸ்டரை வைத்து அதன் அளவைப் பார்க்கின்றன, சில கம்பெனிகள் சின்ன மெமரி சிப்பையே அடாப்டருக்குள் வைத்து "நான் 65 வாட்" என்று சொல்லவைக்கின்றன. அந்த அடையாளம் கிடைக்காவிட்டால் மிஷினுக்கு அடாப்டரின் பலம் தெரியாது. 45 வாட் அடாப்டராக இருந்து, ப்ராசஸரும் ஓடி, பேட்டரிக்கும் ஏற்றினால் அடாப்டர் சூடாகி உருகலாம். அதனால் ஜாக்கிரதைப்படுகிறது: ப்ராசஸரை நொண்ட விடு, பேட்டரிக்கு ஒன்றும் கொடுக்காதே, மிஷின் அணையாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் எடு. மந்தமும் சார்ஜ் ஏறாததும் ஒரே உத்தரவின் இரண்டு முகம்.

என் லோக்கல் அடாப்டர் ஏன் ஏமாற்றியது என்பதும் விளங்கியது. அதற்குள் அடையாள சிப்பே கிடையாது. எனக்குத் தெரியும், வாங்கியபோதே தெரியும். டீச்சர் மிஷினில் அதைச் செருகியபோது மட்டும் மறந்துவிட்டது. அடையாளம் சொல்லாத அடாப்டரை வைத்து அடையாளக் கோளாறைச் சோதித்திருக்கிறேன்.

பக்கத்துக் கடைக்காரரிடம் அதே கம்பெனியின் ஒரிஜினல் 65 வாட் அடாப்டர் உண்டு. "அண்ணாச்சி, அரை மணி நேரம் கொடுங்க" என்று வாங்கி வந்து செருகினேன். பயாஸ் மறுபடி சொன்னது: தெரியவில்லை.

ஒரிஜினலே பேசவில்லையென்றால் காது கோளாறு. ஜாக்கைப் பார்க்க வேண்டும். இந்த மாடலில் ஜாக் போர்டோடு சால்டர் ஆகியிருக்காது. விரல் நீள வயரோடு தனித் துண்டாக இருக்கும், ஒரு ஸ்குரூ, ஒரு கனெக்டர், அவ்வளவுதான். கழற்றி எடுத்தேன். தடித்த சிவப்பு இரண்டு, தடித்த கறுப்பு இரண்டு, அவற்றுக்கு நடுவில் நூல் மாதிரி ஒரே ஒரு நீலம். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (வயர் அறாமல் இருந்தால் சத்தம் போடும்) வைத்துச் சிவப்பைத் தொட்டேன், பீப். கறுப்பு, பீப். நீலத்தின் ஒரு முனையைக் கனெக்டரிலும் மறுமுனையை ஜாக்குக்குள் இருக்கும் ஊசித் துளையிலும் வைத்தேன். சத்தமே இல்லை. வயரை ஜாக்கின் கழுத்தருகே லேசாக வளைத்தேன். பீ… என்று ஒரு கணம் முனகிவிட்டு நின்றது.

வயரின் மேலுறை முழுசாக இருக்கிறது. உள்ளே செம்பு இழை, ஜாக்கோடு சேரும் இடத்தில் அறுந்திருக்கிறது. டீச்சர் வீட்டில் அவருடைய மகன் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு கேம் ஆடுவானாம். லாப்டாப் மெத்தையில், ப்ளக் பாயிண்ட் சுவரில், கேபிள் நடுவே விறைப்பாக நிற்கும். புரண்டு படுக்கும்போதெல்லாம் அது ஜாக்கை ஓர் இழு இழுக்கும். தடித்த வயர்கள் தாங்கிவிட்டன. கரண்டு கொண்டு வருபவை தடித்தவையே, அதனால் மிஷின் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும், விளக்கும் எரியும். எவருக்கும் ஜாக்மேல் சந்தேகம் வராது.

புது ஜாக் 280 ரூபாய். போட்டேன். அண்ணாச்சியின் அடாப்டரைச் செருகினேன். பயாஸில் 65 வாட் என்று வந்தது. விண்டோஸில் அதே ஜிப் ஃபைலுக்கு வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ் தொட்டது. வேலை முடிந்தது என்று நினைத்து, டீச்சர் கொடுத்த அடாப்டரை மாற்றிச் செருகினேன்.

தெரியவில்லை.

அந்த 900 ரூபாய் அடாப்டரும் அடையாளம் பேசாத ரகம். முனை பொருந்தும், 19.5 வோல்ட் சரியாக வரும், நடுவில் ஊசியும் அழகாக நிற்கும். ஊசிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, அல்லது இருக்கும் சிப்பை இந்த மிஷின் ஏற்கவில்லை. யாராவது முதலில் அடாப்டரைச் சந்தேகித்திருந்தாலும், அடுத்து ஜாக்கைச் சந்தேகித்திருந்தாலும், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தவருக்கு விடை கிடைத்திருக்காது. ஜாக்கை மட்டும் மாற்றியிருந்தால் இந்த அடாப்டர் கெடுத்திருக்கும். அடாப்டரை மட்டும் மாற்றியிருந்தால் ஜாக் கெடுத்திருக்கும். முதலில் இருந்தது ஒரே ஒரு கோளாறு, இரண்டாவதை நாம் காசு கொடுத்து வாங்கிச் செருகியிருக்கிறோம்.

டீச்சரிடம் போனில் கேட்டேன். "மிஷினோட வந்த பழைய அடாப்டர் இருக்கா டீச்சர்?"

"இருக்கு. வீக்குன்னுட்டாங்களேன்னு பீரோ மேல போட்டேன்."

"பழைய பேட்டரி?"

"அதுவும் இருக்கு. பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன். ரோட்டுல போடக் கூடாதும்பாங்கல்லா."

மறுநாள் காலையில் இரண்டையும் கொண்டு வந்தார். பழைய அடாப்டர் முதல் தொடுதலிலேயே 65 வாட் என்று பேசியது. அதில் வீக் எதுவும் கிடையாது.

பழைய பேட்டரிதான் எனக்கு ஆவல். டவுன் கடைப் பையன் வைத்த மாதிரியே நானும் மீட்டரை அதன் கனெக்டரில் வைத்தேன். அவன் பொய் சொல்லவில்லை, 0.00 தான் காட்டியது. ஆனால் அது சாவு கிடையாது. இந்த ரக பேட்டரிகளில் ஒரு பின் இருக்கிறது, தான் மிஷினுக்குள் இருக்கிறேனா என்று பேட்டரி பார்த்துக்கொள்வதற்காக. மிஷினில் பொருத்தியதும் அந்தப் பின் கிரவுண்டோடு சேரும், அப்போதுதான் உள்ளே இருக்கும் சுவிட்ச் ஆன் ஆகிக் கரண்டு வெளியே வரும். வெளியே எடுத்தால் ஆஃப் ஆகிவிடும். சாவியோ ஸ்குருடிரைவரோ தெரியாமல் முனையில் பட்டுத் தீப்பிடிக்கக் கூடாதே என்பதற்காக. வெளியே வைத்து ஜீரோ பார்த்து எத்தனை நல்ல பேட்டரியை நம் ஆட்கள் குப்பைக்கு அனுப்பியிருப்பார்களோ. (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் பின்னுக்குப் பின் கம்பியை வைத்துச் சேர்க்க வேண்டாம். எந்தப் பின் எது என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஒரு பின் தள்ளி வைத்தால் நேரடி ஷார்ட்.)

மிஷினில் பொருத்தி, உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்ட பென் டிரைவிலிருந்து பூட் செய்தேன். விண்டோஸ் சதவீதத்தை மட்டும் காட்டும். லினக்ஸில் பவர் சப்ளை கோப்புறையைத் திறந்தால் பேட்டரியின் வோல்டேஜ், கரண்டு, பேட்டரி சிப் தன்னைப் பற்றிச் சொல்லும் டிசைன் வோல்டேஜ் எல்லாம் எண்ணாகவே கிடைக்கும். பழைய பேட்டரி 9.58 வோல்ட். மூன்று செல், ஒரு செல்லுக்கு 3.19. நல்ல பசியில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறது. அடாப்டரைச் செருகிய மறுநொடி 2 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்க ஆரம்பித்தது. மதியத்துக்குள் நிறைந்துவிட்டது. பிறகு விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். டிசைன் 42,000 மில்லிவாட்-அவர், இப்போது முழுச் சார்ஜ் 31,920. அதாவது 76 சதவீதம். 5 வருட பேட்டரிக்கு இது மரியாதையான எண். வெளிச்சத்தைப் பாதியில் வைத்து வீடியோ ஓடவிட்டேன், 2 மணி 10 நிமிடம் ஓடியது.

மாற்றியே இருக்க வேண்டாத பேட்டரி.

இனி புதியது. 2,200 கொடுத்து வாங்கியிருக்கிறார், நன்றாக இருந்தால் அதையே போட்டுவிடலாம் என்று எடுத்தேன். பொருத்தினால் 7.02 வோல்ட். செல்லுக்கு 2.34. சார்ஜே ஏறாத மிஷினில் பூஜ்யத்துக்கு இறங்கி, அப்படியே வாரக்கணக்கில் கிடந்ததன் விளைவு. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் முழுக் கரண்டு கொடுக்கக் கூடாது. சிப் அதைப் பார்த்துக்கொள்ளும், பட்டினி கிடந்தவருக்குக் கஞ்சித் தண்ணி கொடுக்கிற மாதிரி மெல்ல ஏற்றும். 190 மில்லிஆம்பியர் மட்டும் போனது. விண்டோஸில் பார்ப்பவருக்கு இந்த நேரம் முழுவதும் 0 சதவீதம்தான் தெரியும், பொறுமையில்லாதவர் இதையும் செத்துவிட்டது என்பார். ஐம்பது நிமிடம் போல ஆனது. 9 வோல்ட்டைத் தாண்டியதும் கரண்டு 1.8 ஆம்பியருக்கு எகிறியது.

இத்தோடு இந்த ஆய்வை முடித்திருக்கலாம். ஏறுகிறது, டீச்சருக்கு இரண்டு பேட்டரி. ஆனால் லேபிளைப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

பழைய பேட்டரி லேபிளில் 11.4 வோல்ட், 42 வாட்-அவர். புதியதன் லேபிளில் 11.1 வோல்ட், 42 வாட்-அவர். கடைகளில் கேட்டால் இது ஒன்றும் பெரிசில்லை, பாயிண்ட் மூணுதானே என்பார்கள். ஓட்டத்துக்கு அது உண்மை. சார்ஜுக்கு உண்மை இல்லை. 11.1 என்றால் ஒரு செல் 3.7, அந்த வகை செல்லை 4.2 வோல்ட் வரைதான் ஏற்றலாம், மூன்றுக்குச் சேர்த்து 12.6. 11.4 என்றால் செல் 3.8, அது உயர் வோல்டேஜ் வகை, 4.35 அல்லது 4.4 வரை தாங்கும், மூன்றுக்கு 13 சொச்சம். எவ்வளவு வரை ஏற்ற வேண்டும் என்று மிஷின் தானாக முடிவு செய்யாது, பேட்டரி சிப் கேட்பதைக் கொடுக்கும். இந்தப் புது பேட்டரியின் சிப் டிசைன் வோல்டேஜ் என்று என்ன சொல்கிறது? 11.4. லேபிள் ஒன்று சொல்கிறது, வயிற்றுக்குள் இருக்கும் சிப் வேறு சொல்கிறது. ஒரிஜினல் பேட்டரியின் சிப் தகவலை அப்படியே நகலெடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

கண்ணெடுக்காமல் உட்கார்ந்து பார்த்தேன். 12.4. 12.5. லேபிள் உண்மையென்றால் 12.6-ல் வோல்டேஜ் நின்று, கரண்டு மெல்லக் குறைய ஆரம்பிக்க வேண்டும். 12.6 வந்தது, கரண்டு 1.8-லேயே இருந்தது. 12.65. 12.71-ல் அடாப்டரைப் பிடுங்கினேன்.

உள்ளே இருப்பது உண்மையில் உயர் வோல்டேஜ் செல்லாக இருந்து, லேபிள் மட்டும் தப்பாக அச்சாகியிருக்கலாம். அப்படியானால் பேட்டரிக்கு ஆபத்தில்லை. லேபிள் சரியாக இருந்து சிப் தப்பாக இருந்தால், 4.2-ல் நிறுத்த வேண்டிய செல்லை தினமும் 4.4-க்கு நெம்புகிறோம். அப்படிச் செய்தால் செல் சீக்கிரம் வீங்கும், மோசமானால் தீ. பிரித்து செல்லின் நம்பரைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் பிரித்த பேட்டரியைத் திரும்ப யாருக்கும் கொடுக்க முடியாது. லேபிளில் இன்னொன்றும் உறுத்தியது. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரப்படி பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம், ஆர் என்று தொடங்கும் பதிவெண் மேலே இருக்க வேண்டும், பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டுப் பார்த்தால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த எண் என்று வரும். இதில் தரச் சின்னம் மட்டும் பளிச்சென்று இருந்தது, எண்ணைக் காணோம்.

பையன் கட்டிலில் வைத்து ஆடுகிற மிஷின். மெத்தை, போர்வை, ராத்திரி முழுக்க சார்ஜ். நான் அதைப் போட மாட்டேன் என்று முடிவெடுத்தேன்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். பழைய பேட்டரியும் பழைய அடாப்டரும் போட்ட மிஷினைக் காட்டினேன், 100 சதவீதம். ஜாக் 280, வேலைக்கு 400. கேட்டதும் அவர் முதலில் சொன்னது, "அப்ப அந்த மூவாயிரத்து நூறு?"

பதில் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அடாப்டரைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பேட்டரிக்கு மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: லேபிள் 11.1, சிப் 11.4, பதிவெண் இல்லை, 12.71 வரை ஏறியதைப் பார்த்து நிறுத்தினேன், தேதி, கையெழுத்து. நிறைந்த பேட்டரியைப் பையில் போட்டு அனுப்பப் பிடிக்காமல், மிஷினில் வைத்து 40 சதவீதம் வரை இறக்கி, கனெக்டர் வாயில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் வைத்தேன். கடைக்காரர் வாங்கிக்கொள்ளாவிட்டால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம், என்னிடமே கொண்டு வாருங்கள் என்றேன். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழசைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர், இறக்குமதியாளர் பொறுப்பு. நான் மாதம் ஒருமுறை பதிவு பெற்ற கழிவுக்காரரிடம் கொடுக்கிறேன்.

பயாஸில் அடாப்டர் எச்சரிக்கைப் பெட்டியில் திரும்ப டிக் போட்டேன். "காலையில ஆன் பண்ணும்போது இங்கிலீஷ்ல ஏதாவது வந்தா அழுத்தி அணைக்காதீங்க டீச்சர், போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றேன்.

கடைக்காரர் பேட்டரியை வாங்கிக்கொண்டு 1,500 கொடுத்தாராம். ஆறு வாரம் கழித்து டீச்சரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை. பேட்டரி ரிப்போர்ட்டைத் தானே எடுத்திருக்கிறார், முழுச் சார்ஜ் 31,700. படத்தின் ஓரத்தில் கட்டிலும், கட்டிலின் தலைமாட்டில் புதிதாக ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தெரிந்தன. கேபிள் தொய்வாகக் கிடந்தது.